மேடையில் ஒரு கைக்குட்டை

அனந்தகிருஷ்ணனுக்கு விளம்பரம் என்றால் வேப்பங்காய். பற்பசையிலிருந்து பங்களா மனை வரை எதை யார் புகழ்ந்தாலும், "நீ போட்டுப் பாத்தியா? ஓட்டிப் பாத்தியா? அப்புறம் பேசு" என்று வாயை அடைத்துவிடுவார். பஹ்ரைனில் ஓர் ஆலையில் கருவிப் பிரிவு இன்ஜினியர். கொதிகலன்களுக்குப் பக்கத்தில் தீச்சுடரை உற்றுப் பார்த்தபடியே இருக்கும் டிடெக்டர்களைச் சோதிப்பது அவர் பொறுப்பு. அந்தச் சோதனையின் முதல் படி ரொம்ப எளிது. கருவியின் கண்ணைத் துணியால் மூட வேண்டும். நல்ல கருவியாக இருந்தால் உடனே "எனக்குத் தெரியவில்லை" என்று சிவப்பு விளக்கைப் போட்டு ஒப்புக்கொள்ளும். மூடிய பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது பொய் சொல்கிறது, கழற்றி எறிய வேண்டியதுதான். அவர் பேண்ட் பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும். ஒன்று முகத்துக்கு. இன்னொன்று எதற்கு என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

கையில் எதையும் பிடிக்காமல் விளையாடுகிற வீடியோ கேம் வளைகுடாவுக்கு வந்து இறங்கிய குளிர்காலம் அது. டிவிக்குக் கீழே ஒரு கேமராப் பெட்டி. அதன் முன்னால் நின்று கையைக் காலை ஆட்டினால் திரையில் இருக்கும் பொம்மையும் அப்படியே ஆட்டும் என்றார்கள். விமான நிலைய சாலையிலிருந்து மனாமா வரை விளக்குக் கம்பங்களில் அதன் படம்தான். "கையில் ஒன்றும் வேண்டாம், நீங்கள் போதும்" என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதியிருந்தது. டிவி விளம்பரத்தில் ஒரு குடும்பம் கால்பந்து மைதானம் அளவுள்ள ஹாலில் துள்ளிக் குதித்தது. அந்த வீட்டில் சோபா இல்லை, ஷூ ஸ்டாண்ட் இல்லை, துணி காயப்போடும் ஸ்டாண்டும் இல்லை.

அவர்கள் வட்டாரத்தில் முதலில் அதை வாங்கியவர் தமிழ் மன்றத்துத் தலைவர் சேதுமாதவன். ஈசா டவுனில் அனந்தகிருஷ்ணன் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்கள் சேர்ந்து டீப்பாயையும் சாப்பாட்டு மேசையையும் படுக்கையறைக்குள் தள்ளினார்கள். சேதுமாதவனின் மனைவி விஜி பட்டுச் சேலையோடு கேமரா முன்னால் நின்றாள். "பின்னால் போகவும்" என்று திரையில் எழுத்து வந்தது. போனாள். மறுபடி அதே எழுத்து.

"எங்க போறது? பால்கனிக்கா?" என்றாள் விஜி.

திரையில் அவளுடைய பொம்மையின் கால்கள் பின்னிக்கொண்டு தேங்காய் நார் மாதிரி முறுக்கிக்கொண்டன.

"அண்ணி, அதுக்கு உங்க காலே தெரியல. யாரோ தூணைக் கொண்டாந்து நிறுத்திட்டாங்கன்னு நினைக்குது" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"வெளிச்சம் பத்தலைய்யா" என்றார் சேதுமாதவன்.

"விளம்பரத்துல வெளிச்சத்தைப் பத்திப் பேச்சே இல்லையே தலைவரே. நீங்க நில்லுங்க. ம், கையைத் தூக்குங்க. இறக்குங்க. பாத்தீங்களா? நீங்க இறக்கினதுக்கு அப்புறம் அது தூக்குது. காக்கா விரட்டுற மாதிரி வீசிக்கிட்டே இருந்தா ஏதோ ஒன்னு ஒத்துப்போகும். அதை நீங்க வெற்றின்னு நினைச்சுப்பீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சேதுமாதவனும் வேறு வழியின்றிச் சிரித்தார். பிறகு குழந்தைகள் முறை வந்தது. அனந்தகிருஷ்ணனின் மகள் ஹர்ஷினி ஜீன்ஸ் போட்டிருந்ததாலோ என்னவோ, அவளை மெஷினுக்குப் பிடித்திருந்தது. பொம்மை அவளோடு தட்டுத்தடுமாறி ஆடியது. அவள் முகமெல்லாம் மலர்ந்து, "அப்பா, பாரு, என்னைப் பாக்குது!" என்றாள்.

"உன்னைப் பாக்கலம்மா. ஏதோ அசையுது, அது கைதான் போலன்னு யூகம் பண்ணுது. அவ்வளவுதான்."

அவள் கையை இறக்கிவிட்டு அடுத்த குழந்தைக்கு இடம் விட்டாள்.

ஹர்ஷினி அப்போது எட்டாம் வகுப்பு. ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்து, தன் கையும் காலும் எங்கே முடிகின்றன என்று தனக்கே தெரியாமல் கதவுகளில் இடித்துக்கொள்கிற வயது. மன்றத்து விழாக்களில் கும்மிக்குச் சேர்த்தால் கடைசி வரிசையில், அதுவும் ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். எல்லோரும் இடது பக்கம் திரும்பினால் அவள் வலது பக்கம் திரும்புவாள். ஒருமுறை விழா முடிந்து வந்து, "நான் எப்படிப்பா ஆடினேன்?" என்று கேட்டாள். அனந்தகிருஷ்ணன் பொய் சொல்லிப் பழகாதவர். "உனக்கு டான்ஸ் வராதும்மா. மேத்ஸ் வருது இல்ல, அது போதும்" என்றார். அதை அன்பாகத்தான் சொன்னார். அளந்து பார்த்ததைச் சொல்வதுதான் அன்பு என்று அன்றைக்கு அவர் நம்பினார்.

அந்த வருஷப் பொங்கல் விழாவுக்கு ஹால் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையுடையது. வளைகுடாவில் எந்த ஊர்ச் சங்கத்து விழாவானாலும் இப்படித்தான். பணம் கொடுப்பவருக்கு நிகழ்ச்சிக்கு நடுவில் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். அந்தக் கடை ஒதுக்கச் சொன்னது அந்தக் கேமரா விளையாட்டின் செய்முறை விளக்கத்துக்கு. கடையின் விளம்பரப் பிரிவில் இருந்த முகம்மது ரிபாய், கீழக்கரைக்காரர், மேடையில் விளையாட ஒரு பிள்ளை வேண்டுமென்று கேட்டு வந்தார். மன்றத்துப் பிள்ளைகள் சிலரை வரவழைத்துப் பார்த்துவிட்டு ஹர்ஷினியைத் தேர்ந்தெடுத்தார்.

"ஆடட்டும்" என்றார் அனந்தகிருஷ்ணன். "ஆனா தலைவரே, எழுதி வச்சுக்கோங்க. மேடை லைட்டு, முன்னால அத்தனை கூட்டம். அந்தக் கேமராவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிதான் இருக்கும். உங்க மானம்தான் போகப்போகுது."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா?" என்றார் சேதுமாதவன்.

அதன் பிறகு பள்ளி விட்டு வந்ததும் ஹர்ஷினி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவதை அனந்தகிருஷ்ணன் பார்த்தார். கேட்டால் "ஸ்கூல் புராஜெக்ட்" என்பாள். டிஷ் ஆன்டெனாக்களுக்கு நடுவில் என்ன புராஜெக்டோ என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். திரும்பி வரும்போது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

விழா நாள் வந்தது. கிளப் ஹால் நிரம்பி, நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். மன்றத்தில் ஒலி, ஒளி எல்லாம் அனந்தகிருஷ்ணன் பொறுப்பு. மேடைக்குப் பக்கத்திலேயே மிக்சர் வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரை, கும்மி, சின்னக் குழந்தைகளின் மாறுவேடம் எல்லாம் முடிந்து ரிபாய் மைக்கைப் பிடித்தார். மேடையின் விளிம்பில் ஒரு ஸ்டூலின் மேல் கேமராப் பெட்டி. பின்னால் பெரிய திரை. பச்சைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக ஹர்ஷினி வந்து நின்றாள். அவளுக்கு எதிரிலும், மேடைக்குக் கீழே, சின்னதாக ஒரு டிவி வைத்திருந்தார்கள்.

இசை தொடங்கியது. திரையில் ஒரு பொம்மைப் பெண் ஆற்றங்கரையில் நின்றாள். ஹர்ஷினி குதித்தாள், பொம்மையும் பாறை தாண்டிக் குதித்தது. ஹர்ஷினி வலது கையை வீசினாள், வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரத்தைப் பொம்மை பிடித்தது. இடது கை, இன்னொரு நட்சத்திரம். குனிந்தாள், தலைக்கு மேல் மரக்கிளை போனது. சுழன்றாள். ஹாலில் முதலில் ஒரு "ஓ" எழுந்தது. பிறகு கைதட்டல் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

அனந்தகிருஷ்ணனுக்கு முதலில் ஆச்சரியம்தான். சேதுமாதவன் வீட்டில் பார்த்த அந்தத் தாமதம் எங்கே போயிற்று? அவர் மகளை விட்டுவிட்டுப் பொம்மையைக் கவனித்தார். பிறகு கேமராவை. மேடை விளக்கு நேராக அதன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் அது எதையும் பார்க்க முடியாது. ஆனால் பொம்மை இம்மியும் பிசகவில்லை. ஓரிடத்தில் ஹர்ஷினியின் கை மேலே போவதற்கு ஒரு கண்ணிமைப் பொழுது முன்னதாகவே பொம்மையின் கை போனது போலக்கூட இருந்தது.

பதிவு செய்த படம். அவ்வளவுதான். விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. இருபது வருஷமாக ஆலையில் அவர் கை செய்து பழகியதை அன்றைக்கும் செய்தது. எழுந்தார், மேடைப் படி ஏறினார், பையிலிருந்து இரண்டாவது கைக்குட்டையை எடுத்து உதறி, ஸ்டூலின் மேல் இருந்த கேமராவின் மேல் போட்டார்.

பொம்மை ஆடிக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒருவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. ஹர்ஷினி கண்ணை எதிரே இருந்த டிவியில் பதித்திருந்ததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. சிரிப்பை ஆரவாரம் என்று நினைத்து இன்னும் உயரமாகக் குதித்தாள். நட்சத்திரம் ஒன்றைப் பிடித்தாள். அப்போதுதான் ஸ்டூலின் மேல் வெள்ளைத் துணியும் அதன் பக்கத்தில் அப்பா நிற்பதும் கண்ணில் பட்டன. அவள் கைகள் மெல்ல இறங்கின. நின்றாள். பொம்மை நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் அது பாறை தாண்டியது, சுழன்றது, மிச்சமிருந்த நட்சத்திரங்களையெல்லாம் பிடித்தது. கடைசியில் "அபாரம்!" என்று திரை முழுக்க எழுத்து வந்து, வாணவேடிக்கை வெடித்தது. ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

ரிபாய் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். சேதுமாதவன் மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்றார்.

கைகழுவுமிடத்தில் நின்றபோது இரண்டு மூன்று பேர் அனந்தகிருஷ்ணனின் முதுகில் தட்டினார்கள். "போட்டு உடைச்சிட்டீங்களே சார்!" என்றார் ஒருவர். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

காரில் அவர் மனைவி பிரபாவதி முன் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"நான் ஒன்னுகூட மிஸ் பண்ணலப்பா."

அழவில்லை அவள். தகவல் சொல்வது போலச் சொன்னாள்.

"நீ என்னம்மா பண்ணுவே? அந்த மெஷின் பிராடு. உன்னை வச்சு ஏமாத்தியிருக்கான். உன் மேல தப்பே இல்ல" என்றார் அனந்தகிருஷ்ணன்.

பச்சை விழுந்தது.

மறுநாள் காலை காபியை மேசையில் வைத்துவிட்டுப் பிரபாவதி எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி எதிரே வந்து உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"மெஷின் பொய்னு ரிபாய்க்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் அது புதுக் கண்டுபிடிப்பு."

"தெரிஞ்சுமா அனுப்பினே?"

"மேடை லைட்டுல அது வேலை செய்யாதுன்னு அவரே வந்து சொன்னாரு. வெளிநாட்டுல எடுத்த படம் ஒன்னு இருக்கு, அதுக்குச் சரியா ஆடணும்னாரு. எத்தனையோ பிள்ளைங்களை ஆட வச்சுப் பாத்திருக்காரு, யாருக்கும் வரல. இவ ரெண்டு தடவை பாத்துட்டு ஆடினா. எல்லாரும் சேர்ந்து ஆடுறப்பதான் இவளுக்குக் குழம்புது. தனியா, எதிர்ல ஒன்னைப் பாத்து ஆடுன்னா அப்படியே வருது. அவளுக்கே அது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தினமும் மாடியில வேர்க்க விறுவிறுக்க ஆடினா. 'அப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா, ஸ்டேஜ்ல பாக்கட்டும்'னா."

அனந்தகிருஷ்ணன் காபியைத் தொடவில்லை. "ஊரை ஏமாத்துறது சரியா, பிரபா?" என்றார். குரலில் தெம்பில்லை.

"சரின்னு நான் சொல்லல. முடிஞ்சப்புறம் ரிபாயைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கமிட்டியில வச்சுக் கிழிச்சிருக்கலாம். அவ ஆடிட்டு இருக்கறப்பவா போவீங்க? நீங்க பொம்மையைத்தானே பாத்தீங்க. அவளை ஒரு நிமிஷமாவது பாத்தீங்களா?"

சில நாள் கழித்து ரிபாய் வீட்டுக்கு வந்தார். ஒரு புது மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். ஆடினதற்குத் தருவதாகச் சொன்ன பரிசு அது. வாசலிலேயே நின்று, "தப்பு எங்க மேலதான் சார். பிள்ளை மனசு நொந்துபோச்சு, அதான் கஷ்டமா இருக்கு" என்றார். அனந்தகிருஷ்ணனுக்கு அவரை உள்ளே வரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. ஹர்ஷினி வந்து, "தேங்க் யூ அங்கிள்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். படுக்கையறை அலமாரியின் மேல் வைத்தாள். அது பிரிக்கப்படவே இல்லை.

அந்த வாரம் அனந்தகிருஷ்ணன் அந்தக் கடைப் பக்கம் போக நேர்ந்தது. மெஷின் வாங்க வாசல் வரை வரிசை நின்றது. அன்றைக்கு ஹாலில் சிரித்த முகங்கள் சில அதில் இருந்தன. "பசங்க கேக்குறாங்க சார், என்ன பண்றது?" என்று ஒருவர் அசடு வழிந்தார்.

அடுத்த பொங்கலில் ஹர்ஷினி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் நின்றாள். அதற்கடுத்த பொங்கலிலும் அங்கேதான். அப்பாவோடு அவளுக்குச் சண்டை எதுவும் இல்லை. நன்றாகப் படித்தாள், சிரித்துப் பேசினாள். கல்லூரிக்கு ஊருக்குப் போனபோது விமான நிலையத்தில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஹைதராபாத்தில் வேலை. சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் பாட்டுப் போட்டு இளசுகள் எல்லாம் ஆடும்போது மட்டும், அவர்களுடைய கைப்பைகளையெல்லாம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். யார் இழுத்தாலும், "ஐயோ, எனக்கு டான்ஸ் வராது" என்பாள். அனந்தகிருஷ்ணன் சொன்ன அதே வார்த்தை. அவர் மண்டபத்து வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். கோபமே இல்லாதவளிடம் எப்படித் தொடங்குவது?

அந்த விழாவை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். கைக்குட்டை விழுகிற இடத்துக்காக அது அப்போது பலர் கைக்கும் போனது. அனந்தகிருஷ்ணன் அதைத் தன் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்ப்பார். கைக்குட்டைக்கு முந்தைய பகுதியை மட்டும். மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, பச்சைச் சட்டைக்காரச் சிறுமியின் கையையும் பொம்மையின் கையையும் ஒப்பிடுவார். ஒரு பிசகாவது இருக்குமா என்று தேடுவார். இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. பிசகே இல்லை. ஒரு கண்ணிமைப் பொழுது முன்னதாகப் பொம்மையின் கை போனதாக அன்றைக்குத் தோன்றியதுகூட அவருடைய பிரமைதான்.

சில வருஷங்களில் அந்த மெஷினின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். செய்தி வந்த அன்று ஆலைக் கேன்டீனில் உட்கார்ந்து படித்தார். விளம்பரத்தில் சொன்னது எதுவும் நடக்கவில்லை, வீடுகளில் தூசி படிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தார்கள். முதல் நாளே அவர் சொன்னதுதான். பழைய பழக்கத்தில் அதை ஹர்ஷினிக்கு அனுப்பப் போனவர், அனுப்பாமலே போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

இப்போது அவருக்கு ஓய்வு. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஹாலில் கார்கோ பெட்டிகள். அலமாரிக்கு மேலிருந்து பிரபாவதி அந்த மெஷின் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, "இதை என்ன பண்றது?" என்றாள். ஒட்டிய டேப் பழுப்பேறி, அப்படியே இருந்தது. "அவளையே கேளுங்க, அவ பொருள்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை வீடியோ காலில் ஹர்ஷினி வந்தாள். ஊருக்குத் திரும்புவதைப் பற்றி, டிக்கெட் பற்றிப் பேசினார்கள். அவர் போனைத் திருப்பிப் பெட்டியைக் காட்டினார்.

"ஐயோ, அது இன்னுமா இருக்கு? தூக்கிப் போட்டுடுப்பா. வேஸ்ட். நீதான் அப்பவே சொன்னியே" என்று சிரித்தாள். "யூ வேர் ரைட்."

"ஹர்ஷி."

"சொல்லுப்பா."

"நீ அன்னிக்கு ஒன்னுகூட மிஸ் பண்ணல. நான் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். ஒன்னுகூட இல்ல."

திரையில் அவள் முகம் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்தபடி, நெற்றியில் ஒரு முடி விழுந்தபடி அப்படியே இருந்தது. லைன் நின்றுவிட்டதா, அவள்தான் அப்படி இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டி, "ஹலோ, ஹலோ, தெரியுதா?" என்று சோதித்திருப்பார். கை கொஞ்சம் எழுந்தது. அதை மடியிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்பா," என்றது கடைசியில் போன். குரல் முதலில் வந்தது, முகம் பிறகு அசைந்தது. "அம்மா எங்க? சாப்டீங்களா ரெண்டு பேரும்?"

"இன்னும் இல்லம்மா."

"டைமுக்குச் சாப்பிடுப்பா."

அவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருந்தது. அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பது. அவர் சொல்லவில்லை. போனைப் பிரபாவதியிடம் கொடுத்துவிட்டு வந்து, பெட்டியை ஊருக்குப் போகும் சாமான்களோடு சேர்த்து வைத்தார்.